ஒருதரம், ரெண்டுதரம்

குரல் வந்த பெட்டியில் கேபிள் இல்லை.

நாணயம் அளவுக்கு ஒரு வில்லை இருந்தது. அதைத் துடைக்க ஒரு துணி இருந்தது. நன்றி அட்டை இருந்தது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்: 'பூமியின் நலன் கருதி இப்பெட்டியில் கேபிள் வைக்கப்படவில்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்.'

இஞ்ஞாசி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். பிறகு பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான்.

“எங்க வீட்ல எப்பிடிம்மா இருக்கும்? தொண்டையே இப்பதான மாத்துதோம்?”

“பழைய மாடல் வச்சிருக்கவங்களுக்காக எழுதினது சார்,” என்றாள் ஹெப்சி. மதுரை ஆஸ்பத்திரியில் குரல் பொருத்தும் பிரிவில் அவள்தான் டெக்னீசியன். “அவங்ககிட்ட வயர் இருக்கும்ல.”

“பழைய மாடல் யாருகிட்ட இருக்கு?”

“உங்க ஊர்ப்பக்கம் யார்கிட்டயும் இல்ல.”

கட்டிலில் பிரகாசி உட்கார்ந்திருந்தாள். இஞ்ஞாசியின் மனைவி. சிலுவைத்துறைக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவள். தொண்டையில் கட்டி வந்தது. கட்டியை எடுத்தபோது குரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது உள்ளே ஒரு கருவி இருக்கிறது. வெளியே, கழுத்துக் குழியில் இந்த வில்லையை ஒட்டினால் அது பேசும்.

வார்டில் ஒரே ஒரு கேபிள் இருந்தது. பாங்கில் பேனாவைக் கட்டியிருப்பதுபோல் அதைச் சுவரோடு சங்கிலி போட்டிருந்தார்கள். ஹெப்சி அதில் வில்லையை ஏற்றி, பச்சை விளக்கு வந்ததும் ஒட்டினாள்.

“ஏதாவது பேசுங்க அக்கா.”

பிரகாசி இஞ்ஞாசியைப் பார்த்தாள். “ஏங்க, வலைய வெயில்லயே போட்டுட்டா வந்தீய?”

இஞ்ஞாசி பின்னால் திரும்பி, யார் பேசினார்கள் என்று தேடினான். அது ரயில்வே ஸ்டேஷனில் தாமதத்துக்கு வருந்துகிற பெண்ணின் குரல்.

“எல்லாருக்கும் இந்தக் குரல்தான்,” என்றாள் ஹெப்சி. “ஒருதடவை ஏத்தினா ஒரு வாரம் வரும். சராசரியா ஒரு ஆள் பேசுற பேச்சுக்குக் கணக்கு.”

“சராசரி ஆளா?” இஞ்ஞாசி சிரித்தான். “இவ ஏலம் கூறுதவம்மா. ஒரு வாரப் பேச்ச ஒரு காலைல பேசிருவா.”

பிரகாசியும் சிரித்தாள். வாய் திறந்தது, தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“சிரிப்பு இந்த மாடல்ல இல்லக்கா,” என்றாள் ஹெப்சி. “அடுத்ததுல வருமாம்.”

பிறகு ஹெப்சியே தொடர்ந்தாள்.

“முழுசா தீந்துபோனாலும் பயப்படாதீங்க. வாயை மூடிட்டு இருந்தா உடம்புச் சூட்டுலயே கொஞ்சம் ஏறும். ஒரு வார்த்தைக்கு வரும். வந்ததும் தொண்டையில ஒரு துடிப்பு தெரியும். ஆபத்துல கத்துறதுக்குன்னு வச்சிருக்காங்க.”

“ஒரே ஒரு வார்த்தையா?” என்றாள் பிரகாசி.

“ஒண்ணுதான். பாத்துச் செலவழிங்க.”

*

கடலுக்குள் மிதவைகள் நின்று மீன் எங்கே இருக்கிறதென்று சொல்லும் காலம் அது. படகு தானே திரும்பி வரும். கரையில் மட்டும் ஏலம் வாயால் நடந்தது.

கூறுகிறவர் விலையைச் சொல்லி ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்பார். மூணுதரம் சொல்லும்வரை யாரும் விலையை ஏற்றலாம்; ஏற்றினாலும் தரத்தை முதலிலிருந்து எண்ணுவதில்லை. சொன்னபின் கடலே கேட்டாலும் மீன் கிடையாது. கூறத் தொடங்கிய வாய்தான் முடிக்க வேண்டும். ஒரு காலத்தில், ஒருவர் தும்மிய நேரத்தில் இன்னொருவர் மூணுதரம் சொல்லித் தன் மைத்துனனுக்கு மீனை முடித்துவிட்டார். அன்று பல மண்டைகள் உடைந்தன. அதற்குப் பின் வந்த விதி.

வாங்க வரும் வியாபாரிகள் நாலு பேர். பெரியவர் தங்கப்பழம் அண்ணாச்சி. அடுத்தது சாக்கோ, கொல்லத்துக்காரர். இவர்கள் காலையில் டீக்கடையில் உட்காருவார்கள். விலை அங்கேயே முடிவாகிவிடும். இன்று உனக்கு, நாளை எனக்கு. ஏலத்தில் அந்த விலையை வரிசையாக நின்று சொல்வார்கள். இது எல்லோருக்கும் தெரியும். யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

பிரகாசி ஆஸ்பத்திரியில் இருந்தபோது தங்கப்பழம் ஊர்க் கமிட்டியிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தார். ஏலம் கூற ஓர் இயந்திரம். தொண்டை கட்டாது, தும்மாது. மூணுதரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும். அவரே வாங்கித் தருவார்.

கமிட்டித் தலைவர் வியாகுலம் பிரகாசியின் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் ஒரு மீன்பிடி வள்ளம் இருந்தது.

“ஏளா பிரகாசி, ஒன்னய விட்டுக்குடுக்க எனக்கு மனசில்ல. ஆனா அண்ணாச்சி கேக்குதாரு. சனிக்கிழம வரைக்கும் கூறு. நடுவுல நிக்காமக் கூறிட்டன்னா நீதான். நின்னுட்டுன்னா மிஷினு.”

“நிக்காது மாமா,” என்றாள் பிரகாசி.

வியாகுலம் திடுக்கிட்டார். “எனக்கு லோன் வேண்டாம்மா,” என்றார், போனில் இந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கத்தில்.

அன்று மாலையே இஞ்ஞாசி ஊரில் இருந்த வயர்களை எல்லாம் வாங்கிவந்து முற்றத்தில் போட்டான். போன் வயர், மிதவை வயர், வலைவிளக்கு வயர், பங்குச் சாமியாரின் மைக் வயர். வில்லையின் துளை முக்கோணமாக இருந்தது. எதுவும் நுழையவில்லை.

பிரகாசி கம்பெனிக்குப் போன் செய்தாள். வில்லையின் உரிமையாளரே சொந்தக் குரலில் கேட்டால்தான் கேபிளைப் பதிவு செய்வார்கள். கொல்லைப்புறத்தில் இருந்த இஞ்ஞாசிக்கு, அவள் தன்னோடு தானே பேசிக்கொண்டிருப்பதுபோல் கேட்டது.

“உங்கள் பெயரைச் சொல்லவும்.”

“பிரகாசி.”

“மன்னிக்கவும். மீண்டும் சொல்லவும்.”

“பிரகாசிம்மா. பிர, கா, சி.”

“நன்றி. உங்கள் குரல் எங்கள் குரலோடு ஒத்துப்போகிறது. இயந்திரங்களிடமிருந்து வரும் அழைப்புகளை நாங்கள் ஏற்பதில்லை.”

தொடர்பு அறுந்தது. பிரகாசி வில்லையைத் தொட்டுக் காட்டினாள். பச்சை மஞ்சளாகியிருந்தது.

தூத்துக்குடியில் ஒரு கடைக்காரர் பதிவு செய்துகொண்டார். கப்பலில் வருகிறது என்றார். எந்தக் கப்பல் என்று அவருக்கும் தெரியவில்லை. இஞ்ஞாசி மதுரைக்கே போனான். உள்நோயாளிகளுக்கு மட்டும்தான் கேபிள் என்றார்கள். அப்படியானால் மறுபடி அட்மிட் பண்ணுங்கள் என்றான். நோய் என்ன என்று கேட்டார்கள். கேபிள் இல்லை என்றான். அதற்கு அவர்களிடம் வார்டு இல்லை.

ஆகவே பிரகாசி வீட்டில் பேசுவதை நிறுத்தினாள். எல்லாப் பேச்சும் ஏலத்துக்கு. கதவைத் திறந்துபோட்டு வந்தாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஈர வலையைக் கட்டிலில் போட்டாலும் சொல்லவில்லை. இஞ்ஞாசி ஒருநாள் வேண்டுமென்றே செருப்போடு அடுப்படிக்குள் போய் நின்றான். அவள் செருப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஒரு வார்த்த திட்டுட்டி,” என்றான். “சோறு எறங்க மாட்டேங்கு.”

அவள் கழுத்தைச் சுட்டிக்காட்டித் தலையசைத்தாள்.

*

சனிக்கிழமை வியாகுலத்தின் வள்ளம் சீலா மீனோடு வந்தது. இந்த வருஷம் யாரும் பார்க்காத மீன்பாடு. மணலில் கொட்டியபோது வெள்ளி மேடுபோல் கிடந்தது. ஊரே சுற்றி நின்றது. அண்ணாச்சியின் வேனில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதில் ஏல இயந்திரத்தின் படம் போட்டிருந்தது.

பிரகாசி மற்ற வள்ளங்களின் மீனை முதலில் கூறி முடித்தாள். சொற்களைச் சுருக்கினாள். வழக்கமான கேலி இல்லை, வியாபாரிகளின் வயிற்றைப் பற்றிய பேச்சு இல்லை. விலை மட்டும். அப்படியும் சீலாவுக்கு வரும்போது வில்லை சிவப்பாகிவிட்டது.

“முப்பத்தஞ்சாயிரம்,” என்றார் சாக்கோ, டீக்கடையில் பேசியபடி.

“முப்பத்தெட்டு,” என்றார் இன்னொருவர், பேசியபடி.

“நாப்பது,” என்றார் தங்கப்பழம். இன்று அவர் முறை.

மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். அந்த மீனுக்கு நாற்பதாயிரம் அநியாயக் குறைவு என்று நாய்க்கும் தெரியும். வியாகுலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாப்பதாயிரம்,” என்றது ரயில்வே ஸ்டேஷன் குரல். “ஒருதரம். ரெண்டுதரம்.”

பிரகாசியின் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. வில்லையில் விளக்கும் இல்லை.

“சொல்லும்மா,” என்றார் தங்கப்பழம்.

அவள் மறுபடி வாயசைத்தாள்.

“நின்னுட்டு,” என்றார் தங்கப்பழம். அவருக்குக் கோபம் இல்லை, சந்தோஷம்தான். “தலைவரே, நின்னுட்டு பாத்தியளா? மிஷின எறக்குங்கலே. மூணாந்தரத்த அது சொல்லட்டும்.”

வியாகுலம் தயங்கினார். “தொடங்குன வாய்தான அண்ணாச்சி முடிக்கணும்?”

“அதே குரல்தான வே அதுலயும்! என்ன வித்தியாசம்?”

வியாகுலம் அரைமனதாகத் தலையாட்டினார். பெட்டியை இறக்கினார்கள். பிரகாசி பெட்டியைப் பார்த்தாள். அது திறந்து பேசினால் இந்தக் கரையில் அவளுக்கு வேலை இல்லை. சிறுவயதில் அம்மாவோடு கூடை சுமந்து வந்த கரை. கூறத் தொடங்கிய பிறகுதான் அவளை ஆண்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அண்ணாச்சி இயந்திரத்தை எடுத்து மணலில் வைத்தார். பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பெட்டிக்குள் கையைவிட்டுத் துழாவினார். ஒரு துணி வந்தது. ஓர் அட்டை வந்தது.

இஞ்ஞாசி தொண்டையைச் செருமினான். அட்டையை அவன் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை.

“பூமியின் நலன் கருதி,” என்று ஆரம்பித்தான், பூசையில் வாசகம் வாசிப்பவன்போல. “இப்பெட்டியில் கேபிள் வைக்கப்படவில்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்.”

கரை சிரித்தது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது சாக்கோ மெதுவாகக் கேட்டார்.

“அப்போ ஏலம் முடிஞ்சில்லல்லோ?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“ரெண்டுதரம்தானே சொல்லியது? மூணு சொல்லியில்லல்லோ?” சாக்கோ மீனைப் பார்த்தார். கொல்லத்தில் நெய்மீன் என்கிற இந்தச் சீலாவுக்கு அங்கே என்ன விலை என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதில்லை அவர். வழக்கமாக மூணுதரம் சட்டென்று வந்துவிடும். ஆசைக்கு நேரம் இருக்காது.

“நாப்பத்தொண்ணு,” என்றார்.

“வே சாக்கோ!” என்றார் தங்கப்பழம்.

“விலை சொல்லலாமல்லோ அண்ணாச்சி. மார்க்கெட்டல்லே.”

“நாப்பத்திரெண்டு,” என்றார் தங்கப்பழம் பல்லைக் கடித்துக்கொண்டு.

பிரகாசி வாயை மூடிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். கண்ணையும் மூடிக்கொண்டாள். ஜெபம் சொல்கிறாள் என்று பெண்கள் நினைத்தார்கள். ஒருமுறை அவள் கை கழுத்துக்குப் போனது. பிறகு மடிக்குத் திரும்பியது.

“நாப்பத்தஞ்சு,” என்றார் மூன்றாவது வியாபாரி. அவர் தானாக ஒரு விலை சொல்லியே பல மாதங்கள் ஆகியிருந்தன. தன் குரலைக் கேட்டு அவருக்கே ஆச்சரியம்.

“எம்மா, கையக் காட்டும்மா!” என்றார் தங்கப்பழம். “மூணு வெரலக் காட்டு, போதும்!”

“கையக் காட்டுனா செல்லாது,” என்றார் வியாகுலம். அவர் இப்போது நிமிர்ந்து நின்றார். “வாய்தான். வெதின்னா வெதி. எங்க பெரியப்பா மண்டை ஒடஞ்சது இதுக்குத்தான்.”

“இப்பதான வே மிஷினு சம்மதம்னு நின்னீரு?”

“அது நாப்பதுல.”

வெயில் ஏறியது. பெண்கள் ஓடிப்போய் ஐஸ் கொண்டுவந்து மீன்மேல் கொட்டினார்கள், ஈரச் சாக்கைப் போர்த்தினார்கள். ஒருத்தி பிரகாசிக்குக் குடை பிடித்தாள். நாலு வேன்காரர்களும் ஹாரன் அடித்தார்கள். சாக்கோ ஐம்பது என்றார். தங்கப்பழம் ஐம்பத்தொன்று என்றார். விலையைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் பிரகாசியின் உதட்டைப் பார்த்தார்கள். உதடு அசையவில்லை. அசையாத ஒவ்வொரு கணமும் இன்னொருவர் முந்திக்கொள்ளலாம். ஒருவர் முந்தினால் மற்றவரும் முந்த வேண்டியிருந்தது.

“சேச்சி, ஒண்ணு பறயூ சேச்சி,” என்று கெஞ்சினார் சாக்கோ.

“எம்மா, பிரகாசி, தாயே,” என்றார் தங்கப்பழம். அவர் இதுவரை அவளைத் தாயே என்றதில்லை. “அறுவது. அறுவதாயிரம். இதுக்கு மேல எனக்கு சொத்து இல்ல.”

சாக்கோ தலையைக் குலுக்கினார். மற்ற இருவரும் மணலைப் பார்த்தார்கள்.

பிரகாசி கண்ணைத் திறந்தாள். எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். மீனைப் பார்த்தாள். வியாகுலத்தின் முகத்தைப் பார்த்தாள்.

“மூணுதரம்,” என்றாள்.

அந்தக் குரலில் அவ்வளவு கனிவு இருந்தது. ரயில் தாமதமானதற்கு வருந்துவதுபோலவே இருந்தது.

*

“மிஷினு வேண்டாம்,” என்று கமிட்டி அன்று மதியமே முடிவு செய்தது. வியாகுலம் அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு முழு சீலா இருந்தது. பேசாமல் கொடுத்துவிட்டுப் பேசாமல் போனார். பிரகாசியோடு பேசுவதற்கு அதுதான் மரியாதை என்று நினைத்தார்போலும்.

அவள் குழம்பு வைத்தாள். இஞ்ஞாசி சாப்பிட உட்கார்ந்தான். முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான்.

“ஏட்டி, நாப்பத்திரெண்டுல நீ கழுத்தத் தொட்டல்லா?”

அவள் குழம்பைக் கிளறினாள்.

“அந்தப் பிள்ள சொல்லிச்சே, வந்ததும் துடிக்கும்னு. அப்பவே துடிச்சிட்டா?”

அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

“பாவம் இல்லையா?” என்றான் இஞ்ஞாசி. சொல்லிவிட்டு யோசித்தான். டீக்கடை அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். “இல்லதான்,” என்று அவனே சொல்லிக்கொண்டு சாப்பிட்டான்.

அவள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்துபோய் அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தான். சிரிப்பு கையில் தெரிந்தது. அடுத்த மாடல் வரும்வரை இப்படித்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அது ஒன்றும் மோசமில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகவில்லை. திங்கட்கிழமை காலை பிரகாசி கரைக்கு வந்தபோது வியாபாரிகள் நாலு பேரும் அவளுக்கு முன்பே வந்து நின்றார்கள். டீக்கடை காலியாக இருந்தது. ஆளுக்கொரு கேபிள் வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றின் முனையும் முக்கோணம்.

“பெங்களூர்ல இருந்து பிளைட்ல வந்துச்சும்மா,” என்றார் தங்கப்பழம். “வச்சுக்க. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்.”

“எறணாகுளத்துல கிட்டி,” என்றார் சாக்கோ. “நீளம் கூடுதல்.”

பிரகாசி நாலையும் வாங்கிக் கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி தன் வேனிலேயே ஒன்றைச் செருகி வில்லையை ஏற்றிக் கொடுத்தார். ஏறும்வரை பக்கத்திலேயே நின்றார். பச்சை வந்தது. பிரகாசி முதல் வேலையாக இஞ்ஞாசியைக் கூப்பிட்டாள்.

“செருப்போட அடுப்படிக்குள்ள வந்து நிப்பீயளோ? மாட்டுக்குக்கூட வாசல் எதுன்னு தெரியும். ஒங்கள வளத்தவுகளச் சொல்லணும்.”

கனிவான குரலில் அது நீண்ட நேரம் நடந்தது. இஞ்ஞாசி முகம் மலர நின்று கேட்டான். அவன் கையில் ஏல இயந்திரத்தின் காலிப் பெட்டி இருந்தது. அதில் வலைநூல் போட்டு வைத்திருந்தான்.

பிறகு வியாகுலத்தின் மீன் வந்தது. சனிக்கிழமை அளவுக்கு இல்லை. ஆனாலும் நல்ல மீன். விலை நாற்பதுக்கு வந்தது. வியாபாரிகள் நிம்மதியாகக் கடலைப் பார்த்தார்கள்.

“நாப்பதாயிரம். ஒருதரம். ரெண்டுதரம்.”

பிரகாசி நிறுத்தினாள்.

கடல் சத்தம் கேட்டது. நாலு பேரும் திரும்பினார்கள். அவள் உதடு மூடியிருந்தது.

“எம்மா,” என்றார் தங்கப்பழம். “பச்சை எரியுதுல்லா?”

பிரகாசி முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள், காற்று குளிர்கிறது என்பதுபோல. காற்று அன்று இல்லை.

சாக்கோ அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி சாக்கோவைப் பார்த்தார். இருவரும் மீனைப் பார்த்தார்கள்.

“நாப்பத்தொண்ணு,” என்றார் சாக்கோ.